கிணற்று நீரும் கண்ணுக்குப் புலனாகா வேலையாட்களும்

(கமக்காரர் கூட்டமொன்றில் நிகழ்த்தப்பெற்ற பேச்சின் வாசகம்)



சென்ற முறை நாம் கூடியபோது, வெங்காயத்துக்கு இடவேண்டிய பசளையைப் பற்றிப் பேசினோம். கூட்டம் கலைந்து எல்லோரும் எழுந்த பின்னர், கைக்குழந்தையோடு பின்வரிசையில் இருந்த ஒரு தாய் என்னிடம் வந்து, “ஐயா, தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீரை நன்றாகக் கொதிக்கவைத்து ஆற்றித்தான் பிள்ளைக்குப் பால்மாக் கரைக்கிறேன். அதிலும் பிழை உண்டோ?” என்று கேட்டார். கூட்டத்திலே கேட்கப்பட்ட கேள்விகள் எல்லாவற்றிலும் பெறுமதி வாய்ந்தது இக்கேள்வியே. நின்றநிலையில் இரண்டு வார்த்தையில் விடை சொல்லி அனுப்பிவிட்டேன். ஆயினும் அது போதுமான விடையன்று. ஆகையால் இன்றைய பேச்சு முழுவதையும் அந்தத் தாயின் கேள்விக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கொதிக்கவைத்தால் நீரிலுள்ள நோய்க்கிருமிகள் இறந்துபடும். அது உண்மை. ஆனால் நைத்திரேற்று என்னும் உப்பு கொதிக்கவைப்பதால் நீங்குவதில்லை. நீர் ஆவியாகக் குறையக் குறைய, எஞ்சிய நீரில் அதன் செறிவு கூடவே செய்யும். குளோரீன் இட்டாலும் அது போகாது; துணியால் வடித்தாலும் போகாது. நிறமில்லை, மணமில்லை. கிணற்றை எட்டிப் பார்த்து, “பளிங்குபோல் இருக்கிறது தண்ணீர்” என்று நாம் மெச்சுகின்ற நீரிலும் அது இருக்கலாம்.

உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் ஓர் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று என எல்லை வகுத்திருக்கிறது. நம் நாட்டுக் குடிநீர் நியமமும் அதுவே. இந்த எல்லை பெரும்பாலும் கைக்குழந்தைகளை முன்னிட்டே வகுக்கப்பட்டது. குழந்தையின் வயிற்றில் நைத்திரேற்று நைத்திரைற்றாக மாறி, இரத்தத்திற் கலந்து, ஒட்சிசனைச் சுமக்கும் செந்நிறப் பொருளைக் கெடுத்துவிடுகிறது. மூச்சு வந்தும் பயனில்லாத நிலை அது. குழந்தையின் உதடும் நகமும் நீலம் பாய்கின்றன. அமெரிக்காவிலே, அயோவா மாநிலத்துப் பண்ணை வீடுகளிற் பிறந்த குழந்தைகள் இவ்வாறு நீலம் பாய்ந்ததற்குக் கிணற்று நீரிலுள்ள நைத்திரேற்றே காரணம் என்று கொம்லி என்னும் மருத்துவர் 1945 ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினார். அவையும் நம்முடையவை போன்ற தோட்டக் கிணறுகளே. நம் குடாநாட்டிலும் 1980களின் தொடக்கத்தில் நடத்தப்பட்ட நீராய்வுகளிலேயே, செறிந்த தோட்டச் செய்கை நடைபெறும் இடங்களிற் பல கிணறுகள் இவ்வெல்லையைக் கடந்திருந்தமை தெரியவந்தது.

இந்த நைத்திரேற்று எங்கிருந்து வருகிறது? இதைச் செய்பவரும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே. இதை நீக்குபவரும் வேறு சில நுண்ணுயிர்களே. ஒரு சாரார் கட்டுகின்றனர், மறு சாரார் அவிழ்க்கின்றனர். இவ்விரு கூட்டத்தாரின் இயல்பையும் அறிந்துகொண்டால், கிணற்றைக் காக்கும் வழி தானே விளங்கும்.

முதலிற் கட்டுபவரைப் பார்ப்போம். பிரான்சு நாட்டிலே சுலோசிங், மூன்சு என்னும் அறிஞர் இருவர் 1877 ஆம் ஆண்டில் ஒரு பரிசோதனை செய்தனர். நீண்ட கண்ணாடிக் குழாயொன்றில் மணலையும் பொடித்த சுண்ணாம்புக்கல்லையும் நிரப்பி, அதனூடாக நகரத்துக் கழிவுநீரை மிக மெதுவாக இறங்கவிட்டனர். ஏறத்தாழ இருபது நாட்கள் ஒன்றும் நிகழவில்லை. ஊற்றிய அமோனியா ஊற்றியபடியே வெளிவந்தது. அதன் பின்னர் அமோனியா குறைந்து, அதற்கு ஈடாக நைத்திரேற்று வெளிவரத் தொடங்கியது. குழாயினுள்ளே குளோரபோம் ஆவியைச் செலுத்தினர், நைத்திரேற்று நின்றுவிட்டது. ஆவியை நீக்கி, சிறிது தோட்டமண்ணைக் கரைத்த நீரை ஊற்றினர். வேலை மீண்டும் ஆரம்பித்தது. உயிரற்ற பொருளுக்கு மயக்கமருந்து ஏறாது. எனவே இதைச் செய்வது உயிருள்ள ஒன்றே என்பது நிலைநாட்டப்பட்டது. அவ்வுயிர்களைத் தனியே பிரித்தெடுத்தவர் வினோகிராட்சுக்கி என்னும் உருசிய அறிஞர். அது 1890 ஆம் ஆண்டளவில்.

மணலும் சுண்ணாம்புக்கல்லும் நிரப்பிய குழாய் என்றேன். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தை நினைத்துப் பாருங்கள். மேலே இலேசான செம்மண். கீழே வெடிப்பும் துளையும் நிறைந்த சுண்ணாம்புக்கல். பாரிசு நகரத்து ஆய்வுகூடத்திலே கண்ணாடிக் குழாயில் அமைத்ததை இயற்கை நமக்கு ஊரளவிற் பரப்பி வைத்திருக்கிறது! நைத்திரேற்றாக்கும் பற்றீரியங்களுக்கு வேண்டியவை காற்றும், ஈரமும், வெப்பமும், அமிலத்தை ஆற்றும் சுண்ணமும். நான்கும் இங்கே தாராளமாக உண்டு. நீங்கள் பாத்தியில் இடும் யூரியா சில நாட்களில் அமோனியாவாகின்றது. அமோனியா இரண்டொரு வாரங்களில் நைத்திரேற்றாகின்றது. அமோனியாவை மண்ணின் களித்துணிக்கைகள் பற்றிப் பிடித்துக்கொள்ளும். நைத்திரேற்றை அவை பிடிக்கமாட்டா. பயிரின் வேர் அதை எடுத்துக்கொள்ளாவிடின், அடுத்த இறைப்போடு அல்லது அடுத்த மழையோடு அது கீழே போய்விடும். கீழே இருப்பது நம்முடைய கிணறு.

இங்கே ஒரு கணக்கைச் சொல்ல விரும்புகிறேன். 50 கிலோகிராம் யூரியா மூட்டையொன்றில் 23 கிலோகிராம் நைதரசன் உண்டு. அம்மூட்டையின் நாலிலொரு பங்கு மாத்திரம் வேருக்கு அகப்படாமற் கீழிறங்கி நைத்திரேற்றானால், அது நைத்திரேற்றே இல்லாத ஐந்து இலட்சம் இலீற்றர் நீரைக் குடிநீர் எல்லைவரை கொண்டுவந்து நிறுத்தப் போதுமானது. பன்னிரண்டு அடி விட்டமும் பத்தடி நீராழமும் உள்ள கிணறொன்றில் ஏறத்தாழ 32,000 இலீற்றர் நீர் நிற்கும். ஐந்து இலட்சத்தை இதனாற் பிரித்துப் பாருங்கள். கால் மூட்டை, பதினைந்து கிணறு!

“நாங்கள் யூரியா இடுவதில்லை, எருதான் இடுகிறோம்” என்று சிலர் சொல்லக்கூடும். 2021 ஆம் ஆண்டிலே இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, சில மாதங்களில் அத்தடை நீக்கப்பட்ட காலத்தில், சேதனப் பசளையால் நிலத்தடி நீருக்குக் கேடே வராது என்ற பேச்சு பலவிடத்தும் கேட்டது. அது சரியன்று. அமோனியா யூரியாவிலிருந்து வந்ததா, மாட்டெருவிலிருந்து வந்ததா, மலக்குழியிலிருந்து வந்ததா என்று பற்றீரியம் விசாரிப்பதில்லை. எரு மெதுவாக உக்குவதனால் நைத்திரேற்றுச் சிறிது சிறிதாக வெளிவரும் என்பதே வேறுபாடு. மாரிக்கு முன் வெறுந்தரையில் வண்டி வண்டியாகக் குவித்த எரு, பயிரில்லாத நிலத்தில் உக்கி, ஐப்பசி மழையோடு அப்படியே கிணற்றுக்குப் போகும்.

இனி அவிழ்ப்பவரைப் பார்ப்போம். 1880களில், பிரான்சின் போர்தோ நகரத்திலே கேயோன், டுப்பெற்றி என்னும் இருவர், காற்றுப் புகாத இடத்தில் நைத்திரேற்றை வாயுவாக மாற்றும் பற்றீரியங்களைக் கண்டனர். இவற்றின் தன்மை விசித்திரமானது. காற்று இருந்தால் இவையும் நம்மைப்போல் ஒட்சிசனையே சுவாசிக்கும். ஒட்சிசன் தீர்ந்துபோனால் மாண்டு போவதில்லை. நைத்திரேற்றில் அடங்கியுள்ள ஒட்சிசனைப் பிடுங்கிச் சுவாசிக்கத் தொடங்கும். ஒட்சிசனை இழந்த நைதரசன் குமிழியாகி, வந்த இடமாகிய வளிமண்டலத்துக்கே திரும்பிவிடும். நாம் மூச்சுவிடும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைதரசனே ஆதலால், இதனாற் கேடொன்றும் இல்லை.

ஆனால் சுவாசிப்பதற்கு மட்டும் வழி இருந்தாற் போதாது. உண்பதற்கும் ஏதேனும் வேண்டும். வைக்கோல், மரம், இலைச்சருகு, சாணம் போன்ற காபன் நிறைந்த பொருள்களே அவற்றின் உணவு. ஆகவே இந்த வேலையாட்கள் வேலைசெய்ய இரண்டு நிபந்தனைகள் உண்டு: ஒட்சிசன் இருத்தல் ஆகாது; தின்பதற்குக் காபன் இருத்தல் வேண்டும்.

வன்னியிலே வயல் செய்வோருக்கு இவர்கள் பழைய பகைவர்கள். நீர் கட்டிய வயலின் சேற்றில் ஒட்சிசன் இல்லை. வைக்கோலும் வேரும் உக்கிக் காபன் நிறைய உண்டு. அங்கே நைத்திரேற்றுப் பசளையை இட்டால் அது பயிருக்குப் போகாமற் காற்றோடு போய்விடும். அதனாலேயே நெல்லுக்கு நைத்திரேற்று வகைப் பசளை விதந்துரைக்கப்படுவதில்லை. வயலிலே களவெடுக்கும் அதே பற்றீரியத்தைக் கிணற்றடியிலே காவல் வைப்பதுதான் நாம் இன்று பேசும் உபாயம்.

குடாநாட்டு நிலத்தடியில் இவை தாமாகவே ஏன் போதிய அளவு வேலை செய்வதில்லை என்று கேட்பீர்கள். செம்மண்ணிற் காற்றோட்டம் அதிகம், சேதனப் பொருள் குறைவு. அதற்குக் கீழே சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளினூடாக நீர் ஓடியே போய்விடுகிறது. நவக்கிரியிலுள்ள நிலாவரையைப் பார்த்தவர்களுக்கு அக்கல்லினுள்ளே எவ்வளவு பெரிய பொந்துகள் இருக்கக்கூடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பற்றீரியத்துக்கு உணவும் இல்லை, வேலை செய்ய அவகாசமும் இல்லை.

அவ்விரண்டையும் நாமே அமைத்துக் கொடுக்கலாம் என்று கனடா நாட்டு ஒன்ராறியோ மாகாணத்தில் 1990களின் தொடக்கத்தில் செய்து காட்டினர். மலக்குழியிலிருந்து வெளியேறும் நீரின் வழியில் மரத்தூளும் மரத்துணுக்கும் கலந்த அடுக்கொன்றை நிலத்தினுள் அமைத்து, நீர் அதனூடாகவே செல்லும்படி செய்தனர். பின்னர் அயோவா மாநிலத்துக் கமக்காரர் தங்கள் வயல்களின் வடிகாற் குழாய்கள் முடியுமிடத்தில் மரத்துணுக்கு நிரப்பிய பெரிய அகழிகளை அமைத்தனர். அம்மாநிலத்தார் 2013 ஆம் ஆண்டில் வெளியிட்ட திட்டத்திலே, இவ்வகை அகழி சராசரியாக நூற்றுக்கு 43 பங்கு நைத்திரேற்றைக் குறைக்கும் எனக் கணக்கிட்டுள்ளனர். முழுவதையும் அன்று என்பதைக் கவனியுங்கள்.

அவர்களுடைய முறையை அப்படியே எடுத்து நம் தோட்டத்தில் வைக்க முடியாது. அவர்களுக்கு வயலின் நீர் ஒரு குழாய் வழியாக ஓரிடத்துக்கு வருகிறது. நமக்கு வடிகாற் குழாய் இல்லை. பாத்தியில் விட்ட நீர் நேரே கீழே இறங்குகிறது. ஆகவே தோட்டத்து நைத்திரேற்றைத் தடுக்கப் பசளையைக் குறைப்பதே வழி; அதைப் பின்னர்ச் சொல்வேன். ஆனால் ஓரிடத்திற் சேருகின்ற கழிவுநீர் நம்மிடமும் உண்டு. மாட்டுக்கொட்டில் கழுவிய நீர் அவற்றுள் ஒன்று. அநேக வீடுகளிலே அந்நீர் கொட்டிலின் பின்புறத்திலே தேங்கி, அங்கேயே சுவறுகிறது. அதிலிருந்து கிணறு சில பாகத் தூரமே. அதற்கு இம்முறை பொருந்தும்.

முதலாவதாக, சாணத்தையும் சலத்தையும் நீரோடு கழுவி விடாதீர்கள். சாணத்தை அள்ளிக் கூட்டெருக் குழியில் இடுங்கள். கொட்டிலின் தரையிலே வைக்கோலோ சருகோ பரப்பிச் சலத்தை உறிஞ்சச்செய்து, அதையும் எருவோடு சேருங்கள். எருக்குழிக்கு மேற்கூரை இருத்தல் வேண்டும். மழை பட்டால் சத்து முழுவதும் கரைந்து நிலத்துக்குப் போகும். இது செய்யாமல் அகழி அமைப்பது வீண் வேலை. ஏனெனில், ஒரு கன மீற்றர் மரத்துணுக்கிலுள்ள பற்றீரியங்கள் ஒரு நாளில் நீக்கக்கூடிய நைதரசன் 2 கிராம் முதல் 22 கிராம் வரையே எனப் பல நாட்டு ஆய்வுகளிற் கண்டிருக்கின்றனர். ஒரு மாட்டின் ஒரு நாட் கழிவில் அதைவிடப் பன்மடங்கு உண்டு. அள்ளியெடுத்த பின் எஞ்சும் கழுவுநீருக்கு மாத்திரமே அகழி ஈடுகொடுக்கும்.

இரண்டாவதாக ஒரு நுட்பம் உண்டு. கொட்டில் நீரிலுள்ள நைதரசன் பெரும்பாலும் அமோனியாவாகவே இருக்கும். அவிழ்க்கும் பற்றீரியங்களுக்கு அமோனியா பயன்படாது, நைத்திரேற்றே வேண்டும். எனவே முதலிற் கட்டுபவரிடம் அனுப்பி, பின்னர் அவிழ்ப்பவரிடம் அனுப்புதல் வேண்டும். அதாவது நீர் முதலில் காற்றோட்டமுள்ள மணற்படுக்கையினூடாக இறங்கி, அதன்பின் காற்றில்லாத மரத்துணுக்கு அகழியுட் புகுதல் வேண்டும். இவ்வொழுங்கை மாற்றி அமைத்துவிட்டு, “பயன் இல்லை” என்று கைவிட்டவர்கள் உண்டு.

நாளொன்றுக்கு 200 இலீற்றர் கழுவுநீர் வரும் ஒரு சிறு கொட்டிலை எடுத்துக்கொள்வோம். நீர் முதலிற் சிறிய தொட்டியொன்றில் நின்று மண்டி அடியிற் படியட்டும். அதிலிருந்து இரண்டரை அடி ஆழமான பருமணற் படுக்கைக்கு நீரைச் சிறிது சிறிதாக, இடைவிட்டு விடுங்கள். ஒருமித்து ஊற்றி மணலை மூழ்கடித்தாற் காற்றுப் புகாது. கட்டுபவர் வேலையை நிறுத்திவிடுவர். காலையில் ஒரு பங்கும் மாலையில் ஒரு பங்குமாக விடுதல் நன்று. படுக்கை நிலமட்டத்துக்கு மேலே, கல்லினாற் கட்டிய தொட்டியினுள் அமைதல் வேண்டும். அடியில் ஒரு குழாய் வைத்து நீரை அகழிக்குக் கொண்டுபோக வேண்டும்.

அகழி எட்டடி நீளமும், இரண்டடி அகலமும், இரண்டடி ஆழமும் உடையதாக இருக்கட்டும். அடியும் பக்கமும் தடித்த பொலித்தீன் விரியுங்கள், அல்லது சீமெந்து பூசுங்கள். வெடிப்புள்ள கல்லின் மேல் இதைச் செய்யாமல் விட்டால், நீர் மரத்துணுக்கைத் தொடாமலே கீழே போய்விடும். ஒன்று முதல் இரண்டு அங்குல அளவில் வெட்டிய வன்மரத் துணுக்குகளால் அகழியை நிரப்புங்கள். மரத்தூள் மாத்திரம் இட்டால் அடைத்துக்கொள்ளும். பச்சை இலையும் தழையும் கலத்தல் ஆகாது. அவை உக்கும்போது அவையே நைதரசனை வெளிவிடும். கறையான் மருந்து பூசிய பழைய பலகை, எண்ணெய் படிந்த மரம் என்பனவற்றை எக்காரணத்தாலும் சேர்க்கவேண்டாம். நீர் ஒரு முனையில் மேலே நுழைந்து, மறு முனையிற் கீழிருந்து வளைந்தெழும் குழாயினால் வெளியேறுமாறு அமைத்தால், துணுக்குகள் எப்போதும் நீரில் மூழ்கியிருக்கும். மூழ்கியிருப்பதுதான் உயிர்நிலை. மேலே சாக்கு விரித்து ஓரடி மண் மூடிவிடுங்கள். பிள்ளைகள் விழுந்துவிடும் பயமும் இல்லை, நுளம்பும் பெருகாது.

இவ்வகழியின் கொள்ளளவு ஏறத்தாழ 900 இலீற்றர். அதிற் பாதி துணுக்குகளின் இடைவெளி என்று கொண்டால், 450 இலீற்றர் நீர் நிற்கும். நாளொன்றுக்கு 200 இலீற்றர் என்றால் நீர் இரண்டு நாளுக்குச் சற்று மேலாகத் தங்கிப் போகும். நம் நாட்டு வெப்பத்தில் பற்றீரியங்கள் சுறுசுறுப்பாக இருப்பதால் இது போதுமானது. பற்றீரியத்தைக் காசு கொடுத்து வாங்கவேண்டியதில்லை. போத்தலில் அடைத்து விற்கும் தூளும் திராவகமும் இவ்வேலைக்குத் தேவையில்லை; ஒரு பிடி குளத்துச் சேற்றைக் கரைத்து ஊற்றினாற் போதும், மீதியை அவையே பார்த்துக்கொள்ளும்.

முதற் சில வாரங்களில் வெளிவரும் நீர் தேயிலைச் சாயம்போல் இருக்கும். அது மரத்தின் சாயமே, நாளடைவிற் குறையும். வெளிவரும் நீரைத் தென்னைக்கோ, வாழைக்கோ, மாட்டுப்புல்லுக்கோ விடுங்கள். கிணற்றை நோக்கி விடவேண்டாம். குடிப்பதற்கோ சமைப்பதற்கோ அது ஒருபோதும் உரியதன்று.

அகழி எவ்வாறு வேலை செய்கிறது என்பதை மூக்கினாலேயே ஓரளவு அறியலாம். வெளிவரும் நீரில் அழுகிய முட்டையின் நாற்றம் வந்தால், நைத்திரேற்று முழுவதும் தீர்ந்து, வேறொரு கூட்டத்துப் பற்றீரியங்கள் சல்பேற்றைச் சுவாசிக்கத் தொடங்கிவிட்டன என்று பொருள். நீர் அளவுக்கு மேல் தங்குகிறது. வெளிக்குழாயைச் சிறிது தாழ்த்தி விடுங்கள். மூத்திர நெடி வந்தால் பிழை அகழியில் அன்று, மணலில். அமோனியா மாறாமலே வந்துவிடுகிறது. மணலின் மேற்பரப்பைக் கிளறி, நீரைக் குறைத்து விடுங்கள். ஒரு நெடியும் இல்லாமல் நைத்திரேற்று மாத்திரம் குறையாதிருந்தால் நீர் விரைந்து ஓடுகிறது. அதைப் பரிசோதனையால் மாத்திரமே அறியலாம். இவ்வாறு அரைகுறையாக வேலை நடந்தால், நைத்திரைற்றும், வளிமண்டலத்தைச் சூடாக்கும் ஒருவகை நைதரசன் வாயுவும் இடைவழியில் வெளிப்படும். ஆதலின் கவனமின்றி விடல் ஆகாது. துணுக்குகள் உக்கி மட்டம் இறங்கும்போது மேலதிகமாக நிரப்புதல் வேண்டும். குளிர்நாடுகளில் அவை பத்தாண்டுக்கு மேலும் நின்றிருக்கின்றன. நம் வெப்பத்தில் அவ்வளவு காலம் எதிர்பார்க்கவேண்டாம்.

மலக்குழியைப் பற்றியும் ஒரு சொல். கிணற்றுக்கும் குழிக்கும் இடையே 50 அடி தூரம் வேண்டும் எனப் பொதுவாகச் சொல்லுவார்கள். மணல் நிலத்தில் அது நோய்க்கிருமிகளைத் தடுக்கப் பெரிதும் உதவும். வெடிப்புள்ள சுண்ணாம்புக்கல்லில் 50 அடியை நீர் மிக விரைவிற் கடந்துவிடக்கூடும். அடிப்பாகம் திறந்த குழியை ஒழித்து, அடி மூடிய தொட்டி அமைப்பதே கிணற்றுக்குப் பாதுகாப்பு. நிலமும் பணமும் உள்ளவர்கள், தொட்டியிலிருந்து வெளியேறும் நீருக்கு மேற்சொன்ன மணற்படுக்கையையும் அகழியையும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் ஆலோசனையோடு அமைக்கலாம்.

மணல் வடியைப் பற்றி இங்கே சிலர் கேட்பதுண்டு. நீரை மெதுவாக மணலினூடு இறக்கினால், மணலின் மேற்பரப்பில் வழுவழுப்பான ஓர் உயிர்ப்படலம் உண்டாகி, அதிலுள்ள நுண்ணுயிர்கள் நோய்க்கிருமிகளை உண்டு தீர்க்கும். இலண்டன் நகரத்தின் செல்சிப் பகுதியில் 1829 ஆம் ஆண்டிலேயே இம்முறை கையாளப்பட்டது. 1892 இல் செருமனியின் அம்பேக்கு நகரத்தில் வாந்திபேதி பரவி எண்ணாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டபோது, அதே ஆற்று நீரை அந்நகருக்குக் கீழே எடுத்து, ஆனால் மணலில் வடித்துக் குடித்த அல்ற்றோனா மக்கள் பெரும்பாலும் தப்பினர். அத்தகைய மணல் வடி மிக நல்லது. ஆயினும் அது நைத்திரேற்றை நீக்காது. காற்றோட்டமுள்ள மணல் நைத்திரேற்றைச் செய்யும் இடம் என்பதை முன்னரே கண்டோம்.

எண்ணெயை உண்ணும் பற்றீரியங்களும் உள. சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்ததைப் பற்றி 2014, 2015 ஆம் ஆண்டுகளில் எழுந்த கவலையின் பின்னர், அவற்றைப் பற்றிப் பலர் விசாரிக்கின்றனர். 1989 ஆம் ஆண்டில் அலாசுக்காவில் கப்பலொன்றிலிருந்து எண்ணெய் கொட்டிய கடற்கரைகளிலே பசளை தூவி அங்கிருந்த பற்றீரியங்களை ஊக்கினர். திறந்த கரையிற் காற்று உண்டு. நிலத்தடி நீரில் ஒட்சிசன் குறைவாதலால் அவ்வேலை மிக மெதுவாகவே நடக்கும். கிணற்றில் எண்ணெய்ப் படலமோ மணமோ கண்டால், எதையும் கொட்டிப் பரிசோதிக்காமல், அந்நீரைக் குடிப்பதை நிறுத்தி அதிகாரிகளுக்கு அறிவியுங்கள்.

தோட்டப் பசளைக்கு வருவோம். உங்கள் கிணற்றுநீரில் இலீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு போகத்தில் மொத்தம் 24 அங்குல ஆழத்துக்கு நீர் இறைத்தால், ஒரு பரப்புக்கு ஏறத்தாழ 1¾ கிலோகிராம் நைதரசன் அந்நீரோடு வந்து சேர்கிறது. அது 3¾ கிலோகிராம் யூரியாவுக்குச் சமம். ஏக்கருக்கு ஒரு மூட்டைக்கு மேல்! கடையிற் காசு கொடுத்து வாங்கி, கிணற்றுக்கு இழந்து, எண்ணெய் எரித்து மீண்டும் மேலே இறைக்கும் பசளை இது. அதைக் கணக்கிற் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் நீர்ப் பரிசோதனை முடிவைக் காட்டினால், எவ்வளவு குறைக்கலாம் என்று பயிருக்கேற்பச் சொல்வார். யூரியாவை ஒரேயடியாக இடாமற் பல தடவையாகப் பிரித்து இடுங்கள். இட்ட அன்று பாத்தி நிரம்ப இறைக்காதீர்கள். அறுவடைக்குப் பின் நிலத்தை மாரிவரை வெறுமையாக விடாமல், சணலோ பயறோ விதைத்தால், எஞ்சிய நைத்திரேற்றை அவற்றின் வேர்கள் பிடித்துக்கொள்ளும்.

இனி அந்தத் தாய்க்கு உரிய விடை. ஆறு மாதம் நிறையும்வரை குழந்தைக்குத் தாய்ப்பால் மாத்திரம் கொடுப்பதே மேல். தாய்ப்பால் கொடுக்க முடியாத நிலையில், தோட்டத்துக் கிணற்று நீரில் பால்மாக் கரைக்கவேண்டாம். பரிசோதித்து நல்லதென்று கண்ட கிணற்றின் நீரையோ, குழாய்நீரையோ, சுத்தமாகச் சேர்த்த மழைநீரையோ கொதிக்கவைத்துப் பயன்படுத்துங்கள். குழந்தையின் உதடோ நகமோ நீலமாகக் கண்டால், ஒரு நிமிடமும் தாமதியாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். என்ன நீர் கொடுத்தீர்கள் என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கிணற்று நீரை ஆண்டுக்கு இருமுறை, மாரி முடிந்த கையோடு ஒருமுறையும் கோடையின் இறுதியில் ஒருமுறையும், பரிசோதிப்பித்தல் வேண்டும். மாதிரி எடுக்கும் போத்தலைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, பின்னர் அந்தக் கிணற்று நீராலேயே மூன்று முறை அலசுங்கள். நீரைச் சிறிது நேரம் இறைத்து விட்டபின், போத்தலின் கழுத்துவரை நிரப்பி இறுக மூடுங்கள். நிழலில், கூடுமானால் பனிக்கட்டி இட்ட பெட்டியில் வைத்து, அன்றைக்கே ஆய்வுகூடத்திற் சேர்ப்பியுங்கள். இரண்டு நாள் வீட்டு முற்றத்து வெயிலில் வைத்துவிட்டுக் கொண்டுபோனால், நாம் இவ்வளவு நேரம் பேசிய வேலையாட்கள் போத்தலுக்குள்ளும் வேலையைத் தொடங்கியிருப்பார்கள். ஆய்வுகூடம் தரும் இலக்கம் போத்தலின் இலக்கமாக இருக்குமேயன்றிக் கிணற்றின் இலக்கமாக இராது.